விண்மீன்களுக்குப் போட்ட முட்டையை அழித்தவருக்கு

செஞ்சியில் பிறந்து, செஞ்சியில் படித்து, செஞ்சியிலேயே ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையைச் செங்கல் செங்கலாய் எழுப்பி, முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பேராசிரியர், முனைவர் ஆண்டாள் ராஜாங்கம் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் அனைவரும் ஒன்றுகூடி, உவகையும் உள்ளக் கனமும் ஒருசேரப் பெருகப் படைக்கும் பாராட்டு மடல்.

கோட்டை நகர் ஈன்ற கோமகளே! கடைவீதிப் பாத்திரக் கடை ராஜாங்கனார் கல்லாவில் உட்காரவைக்க நினைத்த மகளைக் கல்லூரிக்கு அனுப்பியதால் நாங்கள் பெற்ற நற்பேறே! கண்டிப்பில் கருங்கல்லே! கணக்கில் கறாரே! கனிவைக் கைப்பையின் அடியில் ஒளித்துவைத்து, கடுஞ்சொல்லை மட்டும் கையிலேயே வைத்திருந்த அம்மையே! வணக்கம்.

இதற்கு அடுத்த வரியில் 'விண்மீனே' என்று விளிப்பதாகத்தான் இருந்தேன். இந்த மடலை எழுதும் பொறுப்பு, வழக்கம்போல, தமிழ்த்துறைத் தலைவன் சொக்கலிங்கம் ஆகிய என் தலையில் விழுந்தது. இக்கல்லூரியில் ஓய்வு பெற்ற அத்தனை பேருக்கும் எழுதியவன் நான்தான். அலுவலக உதவியாளர் தொடங்கி முதல்வர் வரை எல்லோரையும் ஞாயிறு என்றேன், திங்கள் என்றேன், பொங்குமாக்கடல் என்றேன். எவரும் மறுப்புச் சொன்னதில்லை. தாங்கள் மட்டும் சென்ற வாரம் என் அறைக்கு வந்து நின்றபடியே, மடலில் ஒரு பொய் இருந்தாலும் பொன்னாடையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பாராட்டு மடலில் பொய் கூடாதென்பது பாயசத்தில் சர்க்கரை கூடாதென்பது போலத்தான். ஒரே ஒரு 'விண்மீனே' மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். வாசலில் திரும்பி நின்று, எந்த வகை விண்மீன் என்று கேட்டீர்கள்.

கேட்டதோடு விட்டீர்களா? பாடமும் எடுத்தீர்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களை வைத்து விண்மீன் குலத்தையே எடைபோடுவது, கடைவீதியில் கார் வைத்திருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டுச் செஞ்சிக்காரர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் என்பது போல என்றீர்கள். நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் பெரியவை, பகட்டானவை. வானம் முழுவதையும் வரிவரியாகத் துழாவிய பெருங்கணக்கெடுப்புகள் வந்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டதாம். நம் சூரியனைச் சுற்றியுள்ள விண்மீன்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு சிறியவை, சிவந்தவை, மங்கலானவை. சூரியன் ஓய்ந்த பிறகும் நெடுங்காலம் எரிந்துகொண்டிருக்கப் போகிறவை அவைதாமாம். ஆக, உண்மையைச் சொல்வதென்றால் தங்களை 'மங்கலான சிவப்புச் சிறுமீனே' என்று விளிக்க வேண்டும். விளித்தால் இந்தப் பந்தலே சிரிக்கும், தங்கள் தம்பி பாத்திரக் கடையை மூடிவிட்டு என்னை அடிக்க வருவார். ஆகவே விண்மீனை விட்டுவிட்டேன்.

வானத்தை அண்ணாந்து பாராத வானியலாளரே!

தங்களிடம் தொலைநோக்கி கிடையாது. ஊர் அடங்குமுன் உறங்கிவிடுவீர்கள். வானியல் அம்மா என்று கேள்விப்பட்டுக் குழந்தைகளோடு வந்து, சனிக்கிரகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டவர்களைப் பகல் பதினோரு மணிக்குக் கணினிக்கூடத்துக்கு வரச் சொன்னீர்கள். வந்தவர்கள் எண்களைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைவீதியில் சனிப்பெயர்ச்சி எப்போது என்று கேட்ட நகைக்கடைக்காரரிடம், சனி ஒரு நொடிகூட நிற்காமல் பெயர்ந்துகொண்டேதான் இருக்கிறது என்று சொல்லி, அவருக்கு ஒரு வாரம் தூக்கம் வராமல் செய்தீர்கள். அவர் இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதும் அவருக்கு அது உறைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது.

தங்கள் வானம் திரையில் இருந்தது. உலகின் உயர்ந்த மலைகளிலும் விண்ணிலும் வைத்த கருவிகள், யாருக்கும் பிடித்த ஒரு மூலையை மட்டும் பாராமல், வானத்தின் எல்லா மூலைகளையும் மீண்டும் மீண்டும் பார்த்துப் பதிந்துகொண்டே போகின்றன. அந்தப் பதிவுகளை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் கொட்டிவிடுகிறார்கள். அதிலும் ஐரோப்பியர் ஏவிய விண்கலம் ஒன்று, ஏறத்தாழ இருநூறு கோடி விண்மீன்களின் இருப்பிடத்தையும், அவற்றில் மிகப் பலவற்றின் நகர்வையும் அளந்து கொடுத்தது. நம் பால்வெளி மண்டலம் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு சிறிய மண்டலத்தை விழுங்கி ஏப்பம் விட்ட சங்கதி அந்த அளவுகளால்தான் தெரியவந்ததாம். இத்தனையும் செஞ்சிக்கு வந்து சேர எது தடை? கரண்ட் மட்டும்தான். அது போகும்போதெல்லாம் மின்வாரியத்துக்குத் தாங்கள் தொலைபேசியில் பேசிய தமிழை, தமிழ்த்துறை என்ற முறையில் நான் இங்கே பதிவு செய்ய விரும்பவில்லை.

அந்த வானத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் தாங்கள் சொன்ன விதம் தனி. வல்லத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வரும் விவசாயி வீட்டுப் பெண்களிடம் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையைத்தான் எடுத்து வைத்தீர்கள். பெரிய கண் சல்லடையில் சலித்து, மேலே நின்ற பருப்பை மட்டும் காட்டி, எங்கள் கொல்லையில் எல்லாமே திரண்ட பருப்பு என்றால் எந்த வியாபாரி நம்புவான் என்று கேட்டீர்கள். எதைப் பார்த்தோம் என்று சொல்லுமுன், எந்தச் சல்லடையில் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும் என்றீர்கள். அந்த வகுப்பை வெளியே நின்று கேட்ட நான், அன்று என் இலக்கிய வகுப்புக்குத் தாமதமாகப் போனேன்.

இட்லிக்கும் முறுக்குக்கும் விண்ணில் இடம் தந்தவரே!

சனிக்கிழமை பிற்பகல்களில் எங்களையும் அந்தத் திரையின் முன் உட்காரவைத்தீர்கள். வணிகவியல், வரலாறு, தமிழ் என்று பாகுபாடு பாராமல், ஆளுக்கு ஒரு கணினி. கணக்கெடுப்பில் வந்த விண்மீன் மண்டலங்களின் படங்களை வகை பிரிக்க வேண்டும். கை விரித்துச் சுழன்றவற்றை நாங்கள் முறுக்கு என்றோம், உப்பிப் பளபளவென்று இருந்தவற்றை இட்லி என்றோம். தாங்கள் முதலில் முறைத்தீர்கள், பிறகு தாங்களும் அப்படியே சொல்லத் தொடங்கினீர்கள். முறுக்குகள் நீலம் கலந்தவை, இன்னும் புது விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருப்பவை என்றும், இட்லிகள் சிவந்தவை, பேறு நின்றவை, கூட்டம் கூட்டமாக வாழ்பவை என்றும் அறிந்தோம். கூட்டங்களெல்லாம் மீன்வலையின் இழைகளில் கோத்ததுபோல் நிற்க, நடுவே ஒன்றுமில்லாத பெருவெளிகள் கிடக்கின்றன என்பதையும் ஒருநாள் முழுவரைபடமாகக் காட்டினீர்கள்.

ஆனால் எங்களால் தங்களுக்குப் பெருந்தொல்லை. படத்தின் கீழே 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்த எங்களுக்குக் கை வரவில்லை. வகுப்பில் தெரியவில்லை என்று சொல்லிப் பழகாத சாதி அம்மா நாங்கள்! மங்கலாய்த் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் கருணை மதிப்பெண் போட்டு முறுக்காக்கினேன் நான். ஒரே மாதத்தில் விண்வெளியில் முறுக்கு மலிந்துபோயிற்று. தாங்கள் என் கணக்கு முழுவதையும் தள்ளிவிட்டு, மறுபடி பார்க்க வைத்தீர்கள். மாணவர் வருகைப் பதிவில் எழுபத்துநாலரை விழுக்காட்டை எழுபத்தைந்தாக்க மறுத்து, பெற்றோர் சங்கத்தையே பகைத்துக்கொண்டவர் விண்மீன் மண்டலத்துக்கா விட்டுக்கொடுப்பார்?

இனி நான் சொல்லப்போவதை மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் ஒரு வாரம் பேசினோம். இது பாராட்டு விழா, பழசைக் கிளறுவது எதற்கு என்று சிலர் சொன்னார்கள். அதை விட்டுவிட்டுத் தங்களைப் பாராட்டினால், தலையை விட்டுவிட்டுப் படம் எடுத்தது போலாகும் என்று நான் சொன்னேன். என் கட்சிதான் வென்றது.

ஓடை கண்டவரே!

எங்கள் இயற்பியல் துறையின் கௌரவ விரிவுரையாளர் ரஞ்சனி, வல்லத்திலிருந்து நாளும் பேருந்தேறி வருபவர். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், இந்த ஆண்டு வேலை உண்டா என்று அலுவலக வாசலில் நின்று கேட்க வேண்டிய நிலையில் இருந்தவர், இன்றும் இருப்பவர். தங்கள் வழிகாட்டலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். விண்கலம் தந்த அளவுகளுக்குள் அவர் ஒரு விண்மீன் ஓடையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். முன்னொரு காலத்தில் ஒன்றாய் இருந்த விண்மீன் கூட்டம் ஒன்றைப் பால்வெளி மண்டலம் இழுத்து இழுத்து நூலாக்கிவிட, அந்த விண்மீன்கள் இன்றும் ஒரே திசையில் வரிசையாக ஓடுகின்றன. அதற்குப் பெயர்தான் ஓடை. அந்த ஓடையின் நடுவில் ஓர் ஓட்டையை ரஞ்சனி கண்டார். கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் கட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தால் அப்படி ஓர் ஓட்டை விழக்கூடும் என்பதால், அது சாதாரண ஓட்டையன்று. வெளிநாட்டு ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. இருவர் முகமும் போட்ட பிளக்ஸ் பேனர் கடைவீதியில் எழுந்தது. கட்டுரையில் தங்கள் பெயருக்கு முன்னால் ரஞ்சனியின் பெயரை வைத்தீர்கள்.

அப்போது நம் கல்லூரியிலேயே இயற்பியலில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. நேர்காணலுக்குள் முனைவர் பட்டம் கையில் இருந்தால் அந்த இடம் ரஞ்சனிக்கு. ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்த ஓட்டைதான். தட்டச்சு முடிந்து அட்டை போடக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வேளையில்தான், இரண்டாம் ஆண்டு மாணவி மஞ்சு, காமாலை கண்டு மாதக்கணக்கில் வராமலிருந்துவிட்டு, அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். தேர்வுக்கு வராதவர்களுக்குச் சுழியம் போடுவது நம் கல்லூரியின் நெடுநாள் வழக்கம். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. அவள் கேட்டாள்.

"நான் எழுதவே இல்ல மேடம். எழுதாததுக்கு எப்டி முட்டை போடுவீங்க?"

அது கல்லூரி விதிம்மா என்று தொடங்கிய தாங்கள் பாதியில் நின்றுவிட்டீர்கள். தேநீர் அப்படியே இருக்க எழுந்து கணினிக்கூடத்துக்கு நடந்தீர்கள். தங்கள் முகத்தைப் பார்த்து, காமாலை தொற்றிக்கொண்டதோ என்றுகூட நாங்கள் நினைத்தோம்.

விண்மீன்களைப் பிரித்தெடுக்கும் நிரலை எழுதித் தந்தவர் கணினித்துறை ஹரிகிருஷ்ணன். நல்ல மனிதர், நேரமில்லாத மனிதர். மதிப்பெண் பட்டியல் போட அவர் ஏற்கெனவே எழுதியிருந்த நிரலையே எடுத்து, மாணவர் பெயர் இருந்த இடத்தில் விண்மீனை வைத்துக் கொடுத்திருந்தார். அது தன் பழக்கத்தை விடுமா? ஓடையின் நடுவே ஒரு பட்டையை விண்கலம் மற்ற இடங்களைவிடக் குறைவான தடவையே பார்த்திருந்தது. அங்கிருந்த மங்கலான விண்மீன்களின் இருப்பிடம் பதிவாகியிருந்தது, நகர்வு பதிவாகவில்லை. அந்தக் கட்டம் வெற்றுக் கட்டம். நம் நிரல் அதில் முட்டை போட்டது. முட்டை வாங்கிய விண்மீன் நகராத விண்மீன், நகராதது ஓடையோடு ஓடாதது, ஓடாததை வெளியே தள்ளு. இப்படித் தள்ளித் தள்ளி, கரும்பொருள் செய்யாத ஓட்டையை நம் கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் செய்துவிட்டது. உலகத்தில் வேறெந்த வானியலாளரும் இந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது. வாத்தியார்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது.

வாய்மைக்கு வளைந்துகொடுக்காதவரே!

மறுநாள் ஆசிரியர் அறையில் தாங்கள் அதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் இருந்தோம். கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றீர்கள். நான்தான் முதலில் எழுந்தேன். நேர்காணல் முடியட்டும், பட்டம் வரட்டும், பிறகு ஒரு திருத்தம் எழுதிக்கொள்ளலாம், நாமாகச் சொன்னாலொழிய எவன் கவனிக்கப்போகிறான் என்று வாதிட்டேன். அன்று நான் பேசியது இரக்கத்தில் பேசியது, அதற்காக இன்றும் தலைகுனிய மாட்டேன். ஹரிகிருஷ்ணன் அழாத குறையாக, தவறு தன் நிரலில் என்று மன்றாடினார். ரஞ்சனி ஒரே ஒரு முறை கேட்டார்.

"உங்களுக்கு வேலை இருக்குது மேடம். எனக்கு இன்னா இருக்குது?"

தாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்.

"ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும். அதுக்காக இல்லாத ஓட்டைய இருக்குதுன்னு எழுதி, அதுமேல உன்ன உக்கார வெக்க மாட்டேன் ரஞ்சனி."

ரஞ்சனி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிற்பகல் வகுப்பு இருந்தது, அதையும் எடுக்கவில்லை. தாங்கள் அன்றே ஆய்விதழுக்கு எழுதினீர்கள். சரிபார்க்க வேண்டியவள் நான், சரிபார்க்கவில்லை, பிழை என்னுடையது என்று எழுதினீர்கள். நிரலை எழுதியவர் பெயரும் இல்லை, ஓட்டியவர் பெயரும் இல்லை. பிளக்ஸைத் தாங்களே முன்னின்று இறக்கினீர்கள். அதைக் கேட்டு வாங்கிப்போன மளிகைக்காரர், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மழைக்கு நெல் மூட்டையின்மேல் போர்த்தியிருந்தார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் படத்தை நாங்கள் பேருந்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

நேர்காணல் வந்தது, போனது. அந்த இடம் வெளியூரிலிருந்து வந்த இனியனுக்குக் கிடைத்தது. இனியன் தங்கமான பிள்ளை, அவரையும் சேர்த்துத்தான் 'நாங்கள்' என்கிறேன். அவர்மீது எவருக்கும் வருத்தமில்லை. தங்கள்மீது இருந்தது. எனக்கே இருந்தது. சில மாதங்கள் தங்களோடு மதிய உணவுக்கு உட்காராமல் நூலகத்தில் போய்ச் சாப்பிட்டேன். தாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த என்னை அதுவே மேலும் எரிச்சலூட்டியது.

ரஞ்சனி வேலையை விடவில்லை, ஆய்வையும் விடவில்லை. தங்களோடு பேசுவதைத்தான் விட்டார். ஆய்வுக்கு வேண்டியதைக் கேட்பார், சொன்னதைக் குறித்துக்கொள்வார், போய்விடுவார். கணினிக்கூடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து ஒரே திரையைப் பார்த்தபடி, பகல் முழுவதும் எண்களை மட்டுமே பேசிக்கொண்டதை நாங்கள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறோம். ஓடையை முதலிலிருந்து மறுபடி கணக்கிட்டீர்கள். இம்முறை வராதவர் வராதவராகவே இருந்தார், வெற்றுக் கட்டம் வெற்றுக் கட்டமாகவே நின்றது. ஓட்டை உண்டா என்ற கேள்விக்கு, இந்தக் கணக்கெடுப்பை வைத்துச் சொல்ல இயலாது என்று முடிவு எழுதினார் ரஞ்சனி. இத்தனை பாடுபட்டு, இயலாது என்று எழுதவா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு விண்கலத்தின் அடுத்த தொகுப்பு வந்தது. அந்தப் பட்டையை அது மேலும் பல தடவை கடந்திருந்தது. வெற்றுக் கட்டங்களில் பல நிரம்பின. அந்த மங்கலான விண்மீன்களும் மற்றவற்றோடு அதே திசையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் வராதவர் என்று தள்ளியவர்கள் வகுப்பில்தான் இருந்திருக்கிறார்கள். ஓட்டை ஏறத்தாழ முழுவதும் தூர்ந்துபோயிற்று. அந்த வரைபடம் திரையில் வந்த அன்று, இதோ பார் நான் சொன்னேனே என்று தாங்கள் ஒரு முறை சொல்லியிருந்தால் ரஞ்சனி அன்றோடு போயிருப்பார். தாங்கள் சொன்னது, இதை ஆய்வேட்டில் எந்த இயலில் சேர்க்கலாம் என்பதுதான். கணக்கெடுப்பு ஆழமாய்ப் பார்த்த இடம் எது, மேலோட்டமாய்ப் பார்த்த இடம் எது, அதனால் இல்லாத ஓட்டைகளும் இல்லாத கூட்டங்களும் எங்கெங்கே தோன்றக்கூடும் என்பதே ஆய்வேடாயிற்று. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், குறை சொல்ல இடம் தேடிக் களைத்துப்போனேன் என்று அவையிலேயே சொன்னார். ரஞ்சனி முனைவர் ரஞ்சனியானார். பட்டம் வந்தபோது இடம் இல்லை. இன்று தங்கள் நாற்காலி காலியாகிறது, அதற்கு அவரும் விண்ணப்பித்திருக்கிறார். கிடைக்குமா என்றால், தெரியவில்லை என்ற பொத்தானை அழுத்த இப்போது எங்களுக்குக் கை வருகிறது.

மெய்யுரை வேண்டிய மேன்மையே!

தாங்கள் போட்ட நிபந்தனைக்காக, இந்த மடலின் முதல் வரைவை எவரிடமாவது காட்டிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ரஞ்சனியிடமே கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். 'மாணவர் அனைவர்க்கும் அன்னை' என்ற இடத்தில், அரியர் வைத்த பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா என்றார், அடித்தார். 'ஒருநாளும் விடுப்பெடுக்காதவர்' என்ற இடத்தில், தங்கள் தம்பி மகள் திருமணத்தை நினைவூட்டினார், அடித்தார். 'வானளாவிய புகழ்' என்றதற்கு, வானம் எவ்வளவு தூரம் சார் என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாய் நான் கட்டிக் காத்த அடைமொழிகள் எல்லாம் என் கண்ணெதிரே செத்து விழுந்தன.

கடைசிப் பத்தியில் ஒரு வரி. ஓய்வு பெறும் எவருக்கும் நான் தவறாமல் எழுதும் வரி: 'எவர் மனத்தையும் ஒருபோதும் நோகச் செய்தறியாதவர்.' பேனா அங்கே போய் நின்றது. இது எல்லோருக்கும் எழுதுவதுதானம்மா, போகட்டும் விடு என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"இது பொய் சார். நான் ஒருத்தி இருக்குறனே."

அடித்துவிட்டார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், தானே எழுதித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கொண்டுவந்து தந்தார். படித்துவிட்டு, இலக்கணப்படி சற்றுத் திருத்தட்டுமா என்றேன். ஒரு சொல்லையும் தொடக் கூடாது என்றார், தொடவில்லை.

அதற்குமுன் எங்கள் வாழ்த்தைச் சொல்லிவிடுகிறோம். அம்மையீர்! மூட்டுவலி முடங்கி, கண் தெளிந்து, கரண்ட் நிற்காத வீட்டில், கணினித் திரை நிறைய வானம் விரிய, தாங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். கடைவீதியில் காய்கறி வாங்கப் போகும்போது வழியில் நிறுத்திக் கேள்வி கேட்பவர்களிடம் இப்போதுபோலவே எரிந்து விழ வேண்டும். சனிக்கிழமை பிற்பகல்களில் இங்கே வந்து எங்களைத் திட்ட வேண்டும். இவையெல்லாம் ஆசைகள் என்பதால் ரஞ்சனி இவற்றில் மட்டும் பேனா வைக்கவில்லை.

இனி வரும் வரிகள் முனைவர் ரஞ்சனியுடையவை. ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கிறேன், அவரே வாசிப்பார். இந்த மடலுக்குப் போடும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் அவை அவர் எழுதியபடியே இருக்கும்.

"மேடம், நீங்க என்னை நோகடிச்சீங்க. அது இன்னும் போகல, போயிடுச்சுன்னு எழுதுனா நீங்களே அடிச்சிடுவீங்க. ஆனா என் பேருக்கு முன்னாடி இருக்குற பட்டத்த நாளைக்கு யாரு வந்து நோண்டிப் பாத்தாலும் எனக்குப் பயம் இல்ல. ராத்திரி நல்லா தூங்குறேன். அது நீங்க குடுத்தது."

இங்ஙனம்,
தங்களோடு உழைத்ததைத் தங்கள் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்ளும் பெருமையுடன்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
செஞ்சி.